பெயரும் பொருளும்: பேராசிரியர் சேனக பிபிலே

திருவள்ளுவர் அரசின் தொழிலை இறைமாட்சி அதிகாரத்திலே நான்காக வகுத்துக் கூறுவர். பொருள் வருதற்கு வழி காணல், வந்ததைச் சேர்த்தல், சேர்த்ததைப் பேணல், பேணியதைப் பகுத்துச் செலவிடல் என்பன அவை. முதல் மூன்றையும் மாணாக்கருக்கு விளக்குதல் எளிது. நான்காவதிலேதான் ஆசிரியன் இடர்ப்படுவான். பரிமேலழகர் அறம், பொருள், இன்பம் என்னும் மூன்றன்பொருட்டும் செலவிடுதல் என்று உரைகூறி அப்பாற் செல்வர். 2022ஆம் ஆண்டிலே, நாட்டில் அந்நியச் செலாவணி அருகி, அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு மிகுந்திருந்த நாளில், பண்டித வகுப்பில் யான் இவ்வுரையைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். எல்லா நோய்க்கும் எல்லா மருந்தும் வாங்கப் பணம் போதாதவிடத்து அரசு எதனை முதலில் வாங்கும், எதனை வாங்காது விடும், அதனைத் தீர்மானிப்பவர் யார் என்று வினவினாள். அவளுடைய பாட்டனார் அப்பொழுது வைத்தியசாலையிற் கிடந்தார் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

உரைநூல்களிலே இதற்கு விடை இல்லை. ஆனால் இந்நாட்டிலே வாழ்ந்து மறைந்த ஒருவரின் வாழ்க்கையில் விடை இருக்கின்றது. அவர் பேராசிரியர் சேனக பிபிலே. மருத்துவர்கள் இப்பெயரைப் போற்றுவர். தமிழ் படித்த நம்மவரிடையே அது போதிய அளவு அறியப்படாமல் இருப்பது குறையே. அக்குறையை ஓரளவு தீர்க்கும்பொருட்டே இதனை எழுதுகின்றேன்.

அப்பெயரை யான் முதன்முதற் கேட்டது எங்கள் வீட்டு விறாந்தையிலே. அப்பொழுது எனக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும். அம்மாவுக்குத் தொய்வு. மாரி பிறந்தால் இரவிலே படுக்க மாட்டாது, தூணிற் சாய்ந்தபடி விடியும்வரை இருப்பார். அரசாங்க ஆசுபத்திரியிலே இலவசமாகக் கொடுத்த குளிசைகள் கடதாசிச் சரையில் வந்தன. அவற்றிலே அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. சும்மா தருகிற மருந்துக்குச் சக்தி இராது என்று அயலாரும் சொன்னார்கள். ஐயா பட்டினத்து மருந்துக்கடை ஒன்றிலே பளபளக்கும் பெட்டியில் அடைத்த குளிசையை வாங்கத் தொடங்கினார். ஓராண்டுக்கு மேலாக அச்செலவு நீண்டது. அம்மாவின் சங்கிலி ஈட்டுக்குப் போனது, திரும்பி வரவில்லை.

ஒருநாள் எங்கள் ஊரிலே இளைப்பாறியிருந்த அப்போதிக்கரி ஐயா, ஏதோ அலுவலாக வீட்டுக்கு வந்தவர், அந்தப் பெட்டியை எடுத்துக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். பெரிய எழுத்திலே கம்பனி வைத்த பெயர் இருந்தது. அதன் கீழே எறும்பு ஊர்ந்தாற்போன்ற சிற்றெழுத்தில் சல்பியுற்றமோல் என்றிருந்தது. ஆசுபத்திரிச் சரையின் மேல் எழுதியிருந்ததும் அதே சொல். அவர் என்னை அழைத்து இரண்டையும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. வெறுங்கழுத்தை ஒருமுறை தடவிக்கொண்டார். அன்று அப்போதிக்கரி ஐயா சொல்லிப் போன பெயர்தான் பிபிலே.

சேனக பிபிலே 1920ஆம் ஆண்டிலே கண்டியச் சிங்கள உயர்குடி ஒன்றிலே தோன்றியவர். கண்டித் திரித்துவக் கல்லூரியிலே பயின்று, கொழும்பில் மருத்துவக் கல்வி கற்று, 1945இல் முதல் வகுப்பிலே தேறினார். அறுவைச் சிகிச்சையிலோ பொதுமருத்துவத்திலோ புகுந்திருந்தால் பெரும்பொருள் ஈட்டியிருக்கலாம். அவர் தேர்ந்தது மருந்தியல். எடின்பரோ பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்று மீண்டு, 1958இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது மருந்தியற் பேராசிரியரானார். பின்னர் 1967இல் பேராதனையிலே மருத்துவ பீடாதிபதியாகவும் விளங்கினார். செல்வர் குடியிற் பிறந்தும் இளமையிலேயே லங்கா சமசமாஜக் கட்சியிற் சேர்ந்து இறுதிவரை அக்கொள்கையில் நின்றார். அக்கொள்கையை ஏற்பார் ஏற்க, மறுப்பார் மறுக்க. அவருடைய மருந்துக் கணக்கோ கட்சி பேதமின்றி எவரும் கூட்டிக் கழித்துப் பார்க்கத் தக்கது.

அக்கணக்கை விளங்கிக்கொள்ள நம் இலக்கணமே போதும். நன்னூலார் பெயரைப் பொதுப்பெயர் என்றும் சிறப்புப்பெயர் என்றும் பிரிப்பர். மருந்துக்கும் அவ்வாறே இருவகைப் பெயர் உண்டு. அதனுள் அடங்கிய சரக்கு இன்னதென்று உலகமெங்கும் ஒருபடித்தாக உணர்த்துவது பொதுப்பெயர். ஒவ்வொரு கம்பனியும் தன் சரக்கைப் பிறர் சரக்கினின்றும் பிரித்துக்காட்ட இடுவது வணிகப் பெயர். ஒரே சரக்குக்குப் பத்துக் கம்பனிகள் பத்துப் பெயர் இடலாம்; பத்து விலையும் வைக்கலாம். நிகண்டு செய்தோர் என்ன செய்தனர்? ஒரு மரத்துக்கு வழங்கிய பல பெயர்களையும் திரட்டி, அவை யாவும் ஒன்றையே குறிப்பன என்று காட்டினர். நிகண்டு கற்ற வைத்தியரைப் பெயர் காட்டி ஏமாற்றல் அரிது. மருந்தியற் பேராசிரியர் பிபிலே நவீன மருத்துவத்துக்கு ஒரு நிகண்டு வேண்டும் என்று கண்டார்.

1950களின் இறுதியிலே அவரும் அவரோடொத்த மருத்துவரும் அரசாங்க வைத்தியசாலைகளுக்கென ஒரு மருந்துக் கோவையைத் தொகுத்தனர். அரசு எம்மருந்துகளை வாங்கி வழங்கலாம் என்பதை அது பொதுப்பெயரால் வரையறுத்தது. அரசு மருந்தைத் தெரிவுசெய்யும் முறை இதுவென முதன்முதல் ஒழுங்குபடக் காட்டியது இவ்வேலையே எனலாம். கம்பனியின் முகவர் அழகிய தாளை நீட்டிப் பேசுவதே மருத்துவர் அறிவுக்கு ஊற்றாயிருந்த காலம் அது. அவர் அதற்கு மாறாக, மருந்தின் நன்மையும் தீமையும் விலையும் பற்றிய பக்கஞ் சாராத குறிப்புகள் மருத்துவர் கையை எட்டவேண்டும் என்று உழைத்தார். பட்டியல் மட்டும் இருந்து அதன் காரணம் தெரியாவிட்டால் மருத்துவர் அதனை விலங்கு என்றே கொள்வர். காரணம் தெரிந்தால் கைவிளக்கென்று கொள்வர். இது நல்லாசிரியனுக்கே விளங்கும் உண்மை.

மருந்தைத் தெரியும் அளவுகோல்களை ஈண்டுச் சுருங்கக் கூறுகின்றேன். நாட்டிலே மிகுதியாகக் காணப்படும் நோய் யாது? அந்நோய்க்கு இம்மருந்து பயன் தரும் என்பதற்குச் சோதனைச் சான்று உண்டா? பயனை விஞ்சிய தீங்கு உண்டா? அதே பயனைத் தரும் வேறு மருந்து குறைந்த விலையிற் கிடைக்குமா? இரண்டு மூன்று சரக்கைக் கலந்து ஒரு குளிசையாக்கியிருப்பின், தனித்தனியே கொடுப்பதினும் அதனால் நன்மை உண்டா? சிறிய கிராம வைத்தியசாலையிலும் அதனைப் பழுதுபடாமல் வைத்திருக்க இயலுமா? இவ்வினாக்களுக்கு விடை கண்டபின்னரே ஒரு பெயர் பட்டியலில் ஏறும். ஏறாத பெயர் பயனற்றது என்பது பொருளன்று. அதற்குச் செலவிடும் பணம் வேறொருவனுடைய இன்றியமையாத மருந்தைத் தின்றுவிடும் என்பதே பொருள்.

வைத்தியசாலைகளிலே பலித்த இம்முறையை நாடு முழுவதற்கும் விரிக்கும் காலம் 1970இல் வந்தது. ஐக்கிய முன்னணி அரசாங்கம் பதவியேற்றபின், பிபிலே அவர்களும் கம்யூனிஸ்ட் தலைவர் மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்க அவர்களும் இலங்கையின் மருந்து நிருவாகம் பற்றி ஓர் அறிக்கை வரைந்து 1971இல் அளித்தனர். விக்கிரமசிங்க 1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் நாட்டை வருத்தியபோது கிராமங்களிலே நிவாரணப் பணி புரிந்தவர். மருந்தில்லாமல் மனிதர் மாள்வதை அவர் நேரிற் கண்டிருந்தார். அறிக்கையின் சாரம் இது: தேவையான மருந்துகளை மட்டும் தெரிதல், அவற்றைப் பொதுப்பெயரால் வழங்கல், உலகெங்குமிருந்து கேள்விமனுக் கோரி ஒரே கையால் மொத்தமாக வாங்கல், தரத்தைச் சோதித்தல், இயன்றவற்றை உள்நாட்டிலே ஆக்கல், மருத்துவருக்கு நேர்மையான செய்தி அளித்தல்.

இவற்றை நடத்தவே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் 1971இல் நிறுவப்பட்டது. அதன் முதற்றலைவர் பிபிலே அவர்களே. சந்தையில் வழங்கிய ஏறத்தாழ 2,100 மருந்துப் பெயர்கள் ஆராயப்பட்டு 600 அளவிற்குச் சுருங்கின. அரசாங்க வைத்தியசாலைக்கு மட்டுமன்றித் தனியார் சந்தைக்கும் மருந்து தருவிக்கும் பொறுப்புப் படிப்படியாகக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. பத்து வணிகர் தனித்தனியே சென்று சிறிது சிறிதாக வாங்கும்போது விற்பவன் சொன்னதே விலை. நாடே ஒருவனாய் நின்று, விற்பவர் பலரையும் ஒருங்கழைத்துப் போட்டியிடச் செய்யும்போது விலை இறங்கும். இதில் மாயம் ஒன்றுமில்லை. சந்தைக்குப் போகும் எந்தக் குடும்பப் பெண்ணும் அறிந்த நியாயமே. கூட்டுத்தாபனம் ஒசுசல என்னும் பெயரால் நடத்தும் மருந்துக்கடைகள் அந்நியாயத்தைத் தெருவிலே கொண்டுவந்து நிறுத்தின.

எதிர்ப்பு எழாதிருக்குமா? பன்னாட்டுக் கம்பனிகள் எதிர்த்தன. மருத்துவர் சிலரும் எதிர்த்தனர். எந்த மருந்தை எழுதுவது என்னும் தம் உரிமை பறிபோகின்றது என்றனர். மலிந்த மருந்தின் தரம் ஐயத்துக்குரியது என்றனர். இரண்டாவது மறுப்பை எளிதிலே தள்ளிவிடலாகாது. சோதியாத மலிவு மருந்து ஏழையை இரண்டாம் முறை வஞ்சிப்பதாகும். அறிக்கை தரச் சோதனையை வற்புறுத்தியதும் இதனாலேயே. ஆயினும் எதிர்ப்பு முழுவதும் தரத்தின்பாற்பட்டதன்று. 1974இலே கொலராப் பரவியபோது தெத்திரசைக்கிளின் பெருமளவில் வேண்டப்பட்டது. கூட்டுத்தாபனம் வேறிடத்திலே மலிவாக வாங்கிய மூலச் சரக்கைக் கூடுகளில் அடைத்துத் தருமாறு, இந்நாட்டிலே தொழிற்சாலை வைத்திருந்த ஒரு பன்னாட்டுக் கம்பனியைக் கேட்டது. அக்கம்பனி இணங்கவில்லை. ஆயத்தமான மருந்தை மிகுந்த செலவில் விமான மூலம் வருவிக்க நேர்ந்தது. கம்பனிக்கு எதிராக நடவடிக்கை எடுக்கக் கருதியவிடத்துத் தூதரக மட்டத்திலிருந்தும் பிரதமருக்கு அழுத்தம் வந்தது. எந்த மருந்தை வாங்குவது என்னும் தீர்மானம் மருத்துவ அறிவால் மட்டும் ஆவதன்று, அதிகாரத்தின் முன்னே நிற்கும் துணிவாலும் ஆவது என்பதை இந்நாடு அன்று கற்றது.

1975இலே சமசமாஜக் கட்சி அரசாங்கத்தினின்றும் நீங்கியது. பிபிலே அவர்களுக்கிருந்த அரசியற்றுணை அத்துடன் அற்றது. 1976இன் பின்னர் அவர் ஐக்கிய நாடுகளின் வர்த்தக அபிவிருத்தி மாநாட்டு அமைப்பிலே ஆலோசகராகி, இலங்கை கண்ட வழியைப் பிற ஏழை நாடுகளுக்கும் எடுத்துரைக்கலானார். பொருளியலறிஞர் சஞ்சய லால் அவர்களுடன் சேர்ந்து, இலங்கையின் அனுபவத்தை, வென்றதும் தோற்றதுமாக, ஓர் ஆய்வுக் கட்டுரையிற் பதிந்து வைத்தார். அப்பணியின்பொருட்டுத் தென்னமெரிக்காவிலுள்ள கயானா நாட்டுக்குச் சென்றிருந்தபோது, 1977 செப்டெம்பர் 29ஆந் திகதி அங்கே உயிர்நீத்தார். வயது ஐம்பத்தேழு. யான் இதனை எழுதும்போது ஏறக்குறைய அவ்வயதினன். ஐம்பத்தேழு வயதில் ஒருவன் எவ்வளவு செய்து முடித்திருக்கலாம் என்று எண்ணுந்தோறும் நாணுகின்றேன்.

அவர் மறைந்த மறுமாதமே, உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஜெனீவாவிற் கூடி, இன்றியமையா மருந்துகளின் முதலாவது மாதிரிப் பட்டியலை ஆக்கியது. ஏறக்குறைய இருநூறு மருந்துகள் அதிலிருந்தன. எல்லாம் பொதுப்பெயரால் அமைந்தன. அயல்நாடாகிய இந்தியாவிலே ஹாத்தி குழு 1975இல் 117 மருந்துகளை இன்றியமையாதன எனத் தெரிந்திருந்தது. வங்காளதேசம் 1982இலே இக்கொள்கையைச் சட்டமாக்கியது. தமிழ்நாட்டரசு 1994இல் மருத்துவ சேவைக் கழகத்தை அமைத்து, பட்டியலிட்ட மருந்தை மொத்தமாக வாங்கி, சோதித்து, வைத்தியசாலைகளுக்கு அனுப்பும் ஒழுங்கைக் கண்டது. இவ்வெண்ணம் ஒருவருடைய தனியுடைமை என்று கூறேன். ஆனால் சிறிய நாடொன்று எழுந்து நின்று அதனை நடத்திக் காட்டலாம் என்பதற்கு முதற்சான்றுகளுள் ஒன்று இங்கே உண்டாயிற்று.

பிறந்த நாட்டிலோ பயிர் வாடியது. 1977இல் ஆட்சி மாறியபின் திறந்த பொருளாதாரம் வந்தது. வணிகப் பெயர்கள் மீண்டும் பெருகின. பளபளக்கும் பெட்டி எங்கள் வீட்டு விறாந்தைக்கு வந்ததும் அக்காலத்திலேயே. ஆயினும் கூட்டுத்தாபனம் அழியவில்லை. வைத்தியசாலைகளில் இலவசமாக மருந்து வழங்கும் அறமும் அழியவில்லை. 2005இல் தேசிய மருந்துக் கொள்கை வகுக்கப்பட்டு, 2015இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் நிறைவேறியது. பிபிலே அவர்களின் மாணாக்கரும் மாணாக்கரின் மாணாக்கரும் விடாது தூண்டிவந்தமையே அதற்குக் காரணம்.

இனி, அவருடைய பட்டியல் எல்லா வினாவையும் தீர்த்துவிட்டது என்றும் சொல்லலாகாது. ஒரே பயனுடைய இரண்டு மருந்தில் மலிந்ததைத் தெரிதல் எளிது. ஒருவர்க்குச் சில மாத வாழ்வு கூட்டும் புற்றுநோய் மருந்து பல இலட்சம் ரூபா விலைப்படும்போது என் செய்வது? இங்கிலாந்திலே 1999இல் அமைந்த ஒரு நிறுவனம், நலமான ஓராண்டு வாழ்வைப் பெற எவ்வளவு செலவாகும் என்று கணக்கிட்டு, இருபதாயிரம் முதல் முப்பதாயிரம் பவுண் வரை தகும் என்னும் அளவைக் கொண்டு தீர்மானித்து வந்தது. அவுஸ்திரேலியாவும் அத்தகைய கணக்கை 1993 முதல் வேண்டி நிற்கின்றது. இங்கே மருந்துகளை உயிர்காப்பன, அத்தியாவசியமானவை, அத்தியாவசியமல்லாதவை என மூன்றாக வகுத்துப் பணம் அருகிய நாளில் முதற்கூற்றை முன்னே வாங்குவர். எவ்வழியாயினும் யாரோ ஒருவர்க்கு இல்லை என்று சொல்ல நேர்கின்றது. அவ்வில்லையை எக்கணக்காலே சொன்னோம் என்று வெளிப்பட உரைத்தல் அறம். மறைவிலே, செல்வாக்குடையவன் பொருட்டுச் சொல்லுதல் அறமன்று.

யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு இது புதிய பாடமுமன்று. அரசர் ஆதரவிலே செகராசசேகரமும் பரராசசேகரமும் வைத்திய நூல்களாக எழுந்த மண் இது. மானிப்பாயிலிருந்து மருத்துவர் கிறீன் அவர்கள் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலே பெயர்த்துக் கற்பித்த மண்ணும் இதுவே. போர்க்காலத்திலே எது வரலாம், எது வரலாகாது என்று வேறொரு பட்டியல் நம் வாழ்வை ஆண்டது. மருந்துக்காகக் கடல்நீரேரியைக் கடந்தவர்கள் இன்றும் நம்மிடையே உளர். தேவையை அளந்து ஆக்கும் பட்டியலுக்கும், தேவையை மறந்து ஆக்கும் பட்டியலுக்கும் வேற்றுமை என்னவென்று நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அம்மாணவிக்கு யான் அடுத்த வகுப்பிலே இவ்வரலாற்றைச் சொன்னேன். வள்ளுவர் மருந்து அதிகாரத்திலே மருத்துவத்துக்கு உறுப்பு நான்கென்பர்: நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன். மருந்துக்குப் பணம் கொடுப்போனை அவர் தனியே எண்ணவில்லை. இக்காலத்திலே அவன் நாம் எல்லோரும், நம் வரிப்பணம். ஆதலின் எம்மருந்து வாங்கப்படுகின்றது, ஏன் வாங்கப்படுகின்றது என்று வினவுதல் நம் எல்லோருக்கும் உரிய கடன். சொல்லி முடித்தபின் அவள் ஒன்று கேட்டாள். இப்பட்டியலைத் தமிழிலே எழுதி ஒவ்வொரு வைத்தியசாலை வாயிலிலும் ஒட்டினால் என்ன என்றாள்.

எங்கள் விறாந்தையிலே அவ்வாறொன்று எவரேனும் காலத்திலே வாசித்துக் காட்டியிருந்தால், அம்மாவின் கழுத்திலே அந்தச் சங்கிலி இருந்திருக்கும்.